பழைய லேப்டாப்பில் இரண்டு எஸ்எஸ்டிகளை ஒன்றாக்குவது எப்படி: பின்னால் பிரிக்கவும் வழி வைத்து ஒரு வழிகாட்டி

2010 முதல் 2015 வரை வந்த லேப்டாப்கள் பலவும் இன்னும் நன்றாக உழைக்கக்கூடியவை. 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால் எழுத்து வேலை, கணக்கு, இணையம், காணொளி எல்லாவற்றுக்கும் தாங்கும். குறைவது இடம் ஒன்றுதான். அந்தக் காலத்து லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருக்கும். இன்று அதைத் திறப்பவர் அரிது. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டாவது எஸ்எஸ்டியைப் பொருத்தி, முதல் எஸ்எஸ்டியோடு சேர்த்து ஒரே பெரிய டிரைவாக ஆக்கிக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை 240 ஜிபி, 480 ஜிபி என்ற இரண்டு எஸ்எஸ்டிகளை எடுத்துக்கொண்டு, டெபியன் லினக்ஸில் (விண்டோஸைப் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) அதைச் செய்யும் முறையை முதல் திருகிலிருந்து சொல்கிறது. விண்டோஸ் வேண்டும் என்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

எந்த வகை இணைப்பு?

திருப்புளியைத் தொடுவதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துத்தான் மாற்ற முடியும்.

இரண்டு டிரைவை ஒன்றாகக் காட்டப் பெரும்பாலும் இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஒன்று ரெய்டு 0. ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டை முதல் டிரைவிலும் அடுத்த துண்டை இரண்டாவதிலும் மாற்றி மாற்றி எழுதும் முறை இது. லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் துண்டின் வழக்கமான அளவு 512 கேபி. இன்னொன்று எல்விஎம். இது எதையும் நறுக்காது. ஒரு டிரைவ் முடியும் இடத்தில் அடுத்த டிரைவைத் தொடுத்து, இரண்டையும் ஒரே சேமிப்புக் குவியலாகக் காட்டும். அந்தக் குவியலிலிருந்து வேண்டிய அளவில் பகுதிகளை வெட்டிக்கொள்ளலாம்.

ரெய்டு 0 வேகம் தரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகம் பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும்போதும் எழுதும்போதும் மட்டுமே தெரியும். பிரவுசர் திறப்பது, மென்பொருள் தொடங்குவது போன்ற அன்றாட வேலைகள் எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பவை. அங்கே ஒவ்வொரு படிப்புக்கும் ஆகும் காத்திருப்பு நேரம் ஒரு டிரைவ் இருந்தாலும் இரண்டு இருந்தாலும் அதேதான். போதாக்குறைக்கு, பழைய லேப்டாப்பில் இரண்டு சாட்டா போர்ட்டுகளும் (டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் செருகுவாய்கள்) ஒரே வேகத்தில் ஓடும் என்ற உறுதி இல்லை. ரெய்டு 0 எப்போதும் மெதுவான பக்கத்துக்காகக் காத்திருக்கும். பயாஸிலேயே (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு மென்பொருள்) இருக்கும் இன்டெல் ரெய்டைப் பயன்படுத்தினால் இன்னொரு இழப்பும் உண்டு: அது சிறிய டிரைவின் அளவை இரண்டால் பெருக்கித்தான் தரும். 240, 480 ஜிபி டிரைவுகளைக் கொடுத்தால் கிடைப்பது 480 ஜிபி. மீதி 240 ஜிபி அந்தத் தொகுப்பில் சேராது.

பாதுகாப்பு என்று பார்த்தால் இரண்டுமே பலவீனமானவைதான். எந்த ஒரு டிரைவ் செத்தாலும் இரண்டிலும் பரவியிருக்கும் கோப்பு முறைமை உடையும். ஆனால் எல்விஎம்மில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: ஒரு டிரைவில் கோளாறு தொடங்கும் அறிகுறி தெரிந்தால், லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள தரவை வேறொரு டிரைவுக்கு நகர்த்தி, பழையதைக் கழற்றிவிடலாம். ரெய்டு 0-வில் இது இவ்வளவு எளிதில் நடக்காது. சேர்ப்பதை யாரும் செய்துவிடலாம். சேர்த்ததைச் சேதமில்லாமல் பிரிக்க வழி இருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை எல்விஎம் பக்கம் நிற்கிறது.

எந்த வழியில் போனாலும் மூன்றாவது ஓர் இடத்தில், அதாவது வெளியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில், முழு நகல் இருந்தாக வேண்டும். இந்த வேலையில் இரண்டு எஸ்எஸ்டிகளும் முழுக்க அழிக்கப்படும். எடுத்த நகலிலிருந்து நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த அடி வையுங்கள்.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

டிவிடி டிரைவின் இடத்தில் எஸ்எஸ்டியைப் பிடித்துக்கொள்ளும் சட்டத்துக்குக் கடைகளில் எச்டிடி கேடி அல்லது செகண்ட் எச்டிடி கேடி என்று பெயர். சென்னை ரிச்சி தெருவில் அந்தப் பெயரைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி தடிமன். பரவலாகக் கிடைப்பவை 12.7 மிமீ, 9.5 மிமீ என இரண்டு அளவுகள். மெலிந்த புது மாடல்களுக்கு 9 மிமீ அளவும் உண்டு. லேப்டாப் மாடலை வைத்து ஊகிக்க வேண்டாம். டிவிடி டிரைவைக் கழற்றி, அதன் உலோக உடம்பின் தடிமனை ஸ்கேலால் அளந்துவிட்டுப் போங்கள். 12.7 மிமீ கேடி 9.5 மிமீ வாயில் நுழையாது. 9.5 மிமீ கேடி 12.7 மிமீ வாயில் நுழையும், ஆனால் ஆடும். ஆடினால் கனெக்டர் தளரும்.

டிவிடி டிரைவின் கனெக்டர் சாதாரண சாட்டா கனெக்டர் அல்ல. தரவுக்கான 7 முனைகள் ஒன்றுதான். மின்சாரப் பக்கத்தில் மட்டும் ஹார்ட் டிஸ்க்குக்கு 15 முனைகள், மெல்லிய டிவிடி டிரைவுக்கு 6. இந்த வேறுபாட்டைச் சரிசெய்வதுதான் கேடிக்குள் இருக்கும் சின்னச் சர்க்யூட் பலகையின் வேலை. டிவிடி போர்ட் 5 வோல்ட் மட்டுமே தரும், 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு அது போதும்.

சில லேப்டாப்களில் டிவிடி டிரைவைத் தொடாமலே வேலை முடியும். திங்க்பேட் டி420, டி430, எக்ஸ்220, எக்ஸ்230 போன்றவற்றில் சிம் மோடத்துக்கான உள் ஸ்லாட், எம்சாட்டா எஸ்எஸ்டியையும் (சிறு அட்டை வடிவத்தில் வரும் சாட்டா எஸ்எஸ்டி) ஏற்கும். அந்த ஸ்லாட்டின் வேகம் விநாடிக்கு 3 கிகாபிட்தான். ஆனால் இந்த வகையான எல்லா மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் எம்சாட்டாவை ஏற்காது. பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும், உள்ளே சாட்டா கம்பி போயிருக்காது. தயாரிப்பாளர் வெளியிட்ட பராமரிப்புக் கையேட்டில் எம்சாட்டா என்று எழுதியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். எம்.2 ஸ்லாட் உள்ள மாடல்களிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: சாட்டா மட்டும் பேசும் ஸ்லாட்டில், பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் பேசும் என்விஎம்இ எஸ்எஸ்டி வேலை செய்யாது.

அடுத்து, போர்ட் வேகம். 2010-இன் இன்டெல் 5 சீரிஸ் சிப்செட் (மதர்போர்டில் போர்ட்டுகளை நடத்தும் சில்லு) லேப்டாப்களில் எல்லா சாட்டா போர்ட்டும் 3 கிகாபிட். 2011-இன் 6 சீரிஸ், 2012-இன் 7 சீரிஸ் லேப்டாப் சிப்செட்களில், எடுத்துக்காட்டாக எச்எம்65, எச்எம்76, இரண்டு போர்ட்டுகள் மட்டும் 6 கிகாபிட், மற்றவை 3. டிவிடி டிரைவ் எந்தப் போர்ட்டில் போய்ச் சேர்கிறது என்பது தயாரிப்பாளர் விருப்பம். 3 கிகாபிட் போர்ட்டில் எஸ்எஸ்டி விநாடிக்குச் சுமார் 270 எம்பி தரும், 6 கிகாபிட்டில் சுமார் 550 எம்பி. தாளில் பாதியாகத் தெரிந்தாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுபவருக்கு இரண்டுமே பெரிய பாய்ச்சல்தான். வேகம் குறைந்த போர்ட் என்பதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை.

ஒரே ஒரு தலைமுறையில் மட்டும் கவனமாக இருங்கள். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6 சீரிஸ் சிப்செட்டில் வடிவமைப்புக் குறை இருப்பதாக அறிவித்தது. 0, 1 என்ற முதல் இரண்டு போர்ட்டுகளுக்குப் பாதிப்பில்லை. 2 முதல் 5 வரையிலான 3 கிகாபிட் போர்ட்டுகள் காலப்போக்கில் தேய்ந்து பிழைகள் வரலாம். திருத்திய சிப்செட்டுக்கு பி3 என்று பெயர். 2011-இன் தொடக்க வாரங்களில் விற்ற, மாற்றப்படாத லேப்டாப் ஒன்று உங்களிடம் இருந்தால் டிவிடி போர்ட்டில் முக்கியமான தரவை வைக்க வேண்டாம்.

பழைய எஸ்எஸ்டியை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். லினக்ஸின் க்னோம் டிஸ்க்ஸ் செயலியில் டிரைவைத் தேர்ந்து ஸ்மார்ட் தகவலை (டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) திறந்தால், கெட்டுப்போனதால் மாற்றியமைக்கப்பட்ட செக்டர்களின் (சிறு சேமிப்புக் கட்டங்கள்) எண்ணிக்கையும் மீதமுள்ள ஆயுளும் தெரியும். மாற்றிய செக்டர் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிரைவைச் சேர்க்க வேண்டாம். பலவீனமான ஒன்று இரண்டையும் கவிழ்த்துவிடும்.

பொருத்துதல்

வேண்டியவை: பிஎச்0, பிஎச்00 ஸ்டார் திருப்புளிகள், கேடி, பிளாஸ்டிக் நெம்பி ஒன்று, திருகுகளைப் போட்டுவைக்கக் கிண்ணம்.

லேப்டாப்பை முழுமையாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடலானால் அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

இரண்டு எஸ்எஸ்டிகளில் புதியதும் நம்பகமானதும் எதுவோ அது ஹார்ட் டிஸ்க் இருந்த முதன்மை இடத்துக்குப் போக வேண்டும். லேப்டாப் தொடங்குவது அதிலிருந்துதான். டிவிடி போர்ட்டிலிருந்து தொடங்க மறுக்கும் பயாஸ்கள் உண்டு. பழைய இடம் 9.5 மிமீ தடிமனுக்கு வார்த்தது, எஸ்எஸ்டி 7 மிமீ. பெட்டியில் வரும் 2.5 மிமீ பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டி இடைவெளியை நிரப்புங்கள். பக்கவாட்டுத் திருகுகளால் தாங்கியில் பிடிக்கப்படும் மாடலானால் அது தேவையில்லை.

டிவிடி டிரைவைப் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு திருகு பிடித்திருக்கும். பக்கத்தில் வட்டத்தட்டுப் படம் பொறித்திருப்பதும் உண்டு. திருகை எடுத்து டிரைவை வெளிப்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். அதன் பின்புறத்தில் இருக்கும் சின்ன உலோகக் காதையும் முன்பக்க முகப்பையும் கழற்றிக் கேடிக்கு மாற்றுங்கள். முகப்பைக் கழற்ற, தட்டு சிறிது வெளியே வந்திருக்க வேண்டும்: முன்பக்கத்திலிருக்கும் ஊசித்துளையில் பேப்பர் கிளிப்பை நேராக்கி அழுத்தினால் வரும். பிளாஸ்டிக் கொக்கிகள் மெல்லியவை. ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக நெம்புங்கள்.

எஸ்எஸ்டியைக் கேடிக்குள் சற்றுச் சாய்த்து வைத்து, கனெக்டரை நோக்கி நேராகத் தள்ளுங்கள். முழுக்க உட்கார்ந்தபின் ஆட்டம் இருக்கக் கூடாது. கேடியின் திருகுகளைப் போட மறக்க வேண்டாம், தள்ளிவிட்டால் போதும் என்று விட்டால் சில மாதங்களில் தளரும். சில கேடிகளின் ஓரத்தில் மிகச் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். லேப்டாப் பிராண்டுக்கு ஏற்ப முனைகளின் சமிக்ஞையை மாற்றுவது அது. வந்த நிலையிலேயே விட்டுப் பாருங்கள். டிரைவ் தெரியாவிட்டால் மட்டும் அடுத்த நிலைக்கு மாற்றுங்கள்.

பயாஸில் பார்க்க வேண்டியவை

டிரைவோடு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா மோட், ஏஎச்சிஐ என்று இருக்க வேண்டும். ஐடிஇ என்றிருந்தால் எஸ்எஸ்டி முழுத் திறனில் ஓடாது. ரெய்டு என்றிருந்தால் மாற்றுங்கள். முன்பு இன்டெல் ரெய்டில் இருந்த டிரைவ் என்றால், மாற்றுவதற்கு முன் கணினி தொடங்கும்போது கன்ட்ரோல், ஐ விசைகளைச் சேர்த்து அழுத்தி இன்டெல் திரையைத் திறந்து, பழைய ரெய்டுத் தொகுப்பை நீக்கிவிடுங்கள். அந்தப் பழைய குறிப்பு டிரைவின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால் நிறுவும்போது குழப்பும்.

இரண்டு டிரைவுகளின் பெயரும் பயாஸ் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாமல் அடுத்த கட்டத்துக்குப் போவதில் பயனில்லை. சில லேப்டாப்களில் டிவிடி போர்ட்டை அணைக்க, இயக்கத் தனி வரி இருக்கும்.

டெபியனை நிறுவும்போதே இணைத்தல்

டெபியனைச் சொல்வதற்குக் காரணம், அதன் நிறுவி எல்விஎம்மை மெனுவிலேயே முழுமையாகச் செய்து தருகிறது. கட்டளை எதுவும் தட்ட வேண்டாம். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் நிறுவும் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது என்பதால் பழைய தொல்லையும் இல்லை. 4 ஜிபி பென் டிரைவ் போதும். நிறுவும் கோப்பை ரூஃபஸ் என்ற விண்டோஸ் செயலி மூலம் அதில் எழுதினால், ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள்.

மொழி, நேரம், பயனர் பெயர் எல்லாம் முடிந்து டிஸ்க்கைப் பிரிக்கும் திரை வந்ததும் ‘மேனுவல்’ என்பதற்குப் போங்கள். ‘கைடட்’ வழி ஒரு டிரைவை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

1. பட்டியலில் டிரைவுகளை அவற்றின் மாடல் பெயரையும் அளவையும் வைத்து அடையாளம் காணுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம். பென் டிரைவே எஸ்டிஏ ஆக வந்து நிற்கலாம்.

2. இரண்டு எஸ்எஸ்டிகளிலும் புதிய வெற்றுப் பார்டிஷன் அட்டவணை (டிரைவ் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியல்) உருவாக்குங்கள். பழைய எல்விஎம் பெயர்கள் பட்டியலில் தெரிந்தால் முதலில் எல்விஎம் மெனுவுக்குள் சென்று அவற்றை நீக்கிவிட்டு வாருங்கள்.

3. முதன்மை டிரைவில் 512 எம்பி அளவில் ஒரு பகுதி. ‘யூஸ் ஆஸ்’ வரியில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன். யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) இல்லாத பழைய பயாஸ் லேப்டாப்பானால் இது வேண்டாம். அங்கே அட்டவணை ஜிபிடி என்ற புதிய வகையாக அமைந்துவிட்டால் மட்டும், இதற்குப் பதிலாக 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பகுதி ஒன்று வையுங்கள்.

4. அதே டிரைவில் 1 ஜிபி பகுதி, எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை), மவுண்ட் இடம் (அந்தப் பகுதி எந்த ஃபோல்டராகத் தெரிய வேண்டும் என்பது) பூட். லினக்ஸின் மையமான கெர்னல் இங்கே இருக்கும். இதை எல்விஎம்முக்கு வெளியே வைப்பது வேண்டுமென்றே செய்வது: இரண்டாவது டிரைவில் என்ன கோளாறு வந்தாலும் கணினி தொடங்கி, பிழைச் செய்தியையாவது காட்டும்.

5. முதன்மை டிரைவின் மீதி இடம் முழுவதும் ஒரே பகுதி. ‘யூஸ் ஆஸ்’ வரியில் எல்விஎம் பிசிக்கல் வால்யூம் (குவியலில் சேரப்போகும் பகுதி என்று பொருள்).

6. இரண்டாவது டிரைவ் முழுவதும் ஒரே பகுதி, அதுவும் எல்விஎம் பிசிக்கல் வால்யூம்.

7. மேலே உள்ள எல்விஎம் அமைப்பு வரிக்குப் போங்கள். மாற்றங்களை எழுதவா என்று கேட்கும், ஆம். இதற்குப் பிறகு பழைய தரவு திரும்பாது.

8. வால்யூம் குரூப் (முன்பு சொன்ன சேமிப்புக் குவியல்) உருவாக்குங்கள். ஒரு சிறு பெயர் கொடுத்து, வரும் பட்டியலில் ஸ்பேஸ் விசையால் இரண்டு பிசிக்கல் வால்யூம்களையும் குறியிடுங்கள். ஒன்றை மட்டும் குறியிட்டு என்டர் தட்டிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. அடுத்த திரையில் மொத்த அளவு சுமார் 718 ஜிபி என்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

9. அந்தக் குரூப்பிலிருந்து லாஜிக்கல் வால்யூம்களை வெட்டுங்கள்: ரூட்டுக்கு (இயங்குதளம் இருக்கும் இடம்) 50 ஜிபி, ஸ்வாப்புக்கு (ரேமுக்குத் துணையான இடம்) 9 ஜிபி, ஹோமுக்கு (உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்) 580 ஜிபி. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பை ஹைபர்னேட் செய்ய (ரேமில் உள்ளதை டிரைவில் எழுதிவிட்டு அணைக்க) ஸ்வாப் ரேமைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், அதற்குத்தான் 9.

10. வெளியே வந்து, ரூட்டுக்கும் ஹோமுக்கும் எக்ஸ்ட்4, அவற்றுக்குரிய மவுண்ட் இடம், ஸ்வாப்புக்கு ஸ்வாப் என்று ஒவ்வொன்றாகக் குறித்து, எழுதி முடியுங்கள்.

கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 79 ஜிபி யாருக்கும் ஒதுக்கப்படாமல் நிற்கும். அதை அப்படியே விடுங்கள். எக்ஸ்ட்4 வால்யூமை ஓடும்போதே பெரிதாக்கலாம். சுருக்க வேண்டுமானால் அந்த வால்யூமை அன்மவுண்ட் செய்து, அதாவது பயன்பாட்டிலிருந்து விடுவித்துத்தான் செய்ய முடியும். இன்றைக்கு எல்லாவற்றையும் ஹோமுக்குக் கொடுத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து ரூட் நிரம்பும்போது அவதி. ஒதுக்காமல் வைத்த இடத்தை ரூட்டுக்கோ ஹோமுக்கோ எது கேட்கிறதோ அதற்கு ஒரு நிமிடத்தில் கொடுக்கலாம்.

நிறுவி முடிந்து உள்ளே நுழைந்ததும் கோப்பு மேலாளரில் எண்கள் குறைவாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம். சில செயலிகள் 1024 அடிப்படையில் கணக்கிடும். அந்தக் கணக்கில் 720 ஜிபி என்பது சுமார் 670 ஆகத்தான் தெரியும்.

பழைய யூஇஎஃப்ஐ லேப்டாப்கள் சிலவற்றில் நிறுவல் சரியாக முடிந்தும், தொடங்க எதுவும் இல்லை என்று திரை சொல்லும். விண்டோஸின் துவக்கக் கோப்பையோ, கழற்றக்கூடிய டிரைவுகளுக்கான பொதுக் கோப்பையோ மட்டும் தேடும் பயாஸ்கள் இவை. டெபியன் பென் டிரைவை மறுபடி செருகி ரெஸ்கியூ மோடில் நுழைந்தால், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பை அந்தப் பொது இடத்திலும் நிறுவும் வரி ஒன்று மெனுவில் இருக்கும். அதைத் தேர்ந்தால் தீரும்.

முதல் வாரத்தில் சோதிக்க வேண்டியவை

க்னோம் லாக்ஸ் செயலியில் ஹார்ட்வேர் பகுதியைத் திறந்து, சாட்டா லிங்க் அப் என்ற வரிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் 6.0, 3.0 அல்லது 1.5 என்று வேகம் எழுதியிருக்கும். எஸ்எஸ்டிக்கு எதிரே 1.5 இருந்தால் ஏதோ சரியில்லை. லினக்ஸ் கெர்னல் தொடர்ந்து பிழைகளைச் சந்தித்தால் தானாகவே வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும், 1.5 என்பது பெரும்பாலும் அதன் விளைவு.

அப்போது ஸ்மார்ட் தகவலில் 199-ஆம் வரியைப் பாருங்கள். அது டிரைவுக்கும் போர்ட்டுக்கும் இடையே போகும்போது கெட்டுப்போன தரவின் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி எஸ்எஸ்டி அல்ல. கேடி அல்லது கனெக்டர். கழற்றி மறுபடி பொருத்துங்கள், அப்போதும் ஏறினால் கேடியை மாற்றுங்கள். மலிவான கேடிகள் 3 கிகாபிட்டில் சரியாக ஓடி, 6 கிகாபிட்டில் தடுமாறுவது உண்டு. வேறு கேடி கிடைக்காத இடத்தில், கெர்னலின் லிபேட்டா ஃபோர்ஸ் (libata.force) அமைப்பால் அந்தப் போர்ட்டை மட்டும் 3.0-இல் கட்டிவைக்கலாம். ஓட்டத்தின் வேகம் குறையும், பிழை நிற்கும். நல்ல பேரம்தான்.

எஸ்எஸ்டிக்கு வேண்டிய டிரிம் (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று அதற்குச் சொல்லும் கட்டளை), எல்விஎம் வழியாகத் தடையின்றி இரண்டு டிரைவுகளுக்கும் போகும். செய்ய வேண்டியது ஒன்றே: எஃப்எஸ்ட்ரிம் டைமர் (fstrim.timer) இயங்குகிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் இயக்கிவிடுவது. வாரம் ஒருமுறை தானாக ஓடும்.

மூடியை மூடித் தூங்கவிட்டு எழுப்பும் சோதனையைப் பல முறை செய்யுங்கள். டிவிடி போர்ட்டின் மின்சாரத்தைத் தூக்கத்தில் துண்டித்து, எழும்போது தாமதமாகக் கொடுக்கும் லேப்டாப்கள் உண்டு. எழுந்ததும் ஹோம் முழுக்கப் பிழை, எழுத முடியவில்லை என்ற செய்திகள் வந்தால் இதுதான் காரணம். பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தூக்கத்தை அணைத்துவிட்டு ஹைபர்னேட் அல்லது முழு நிறுத்தம் மட்டும் பயன்படுத்துங்கள். தூங்கி எழும்போது காணாமல் போகும் டிரைவை மற்றொன்றோடு இணைத்து வைத்திருப்பது ஆபத்து.

கணினி தொடங்கும்போது ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்து, பிறகு எமர்ஜென்சி மோடுக்குப் போனால், இரண்டாவது டிரைவ் தெரியவில்லை என்று பொருள். பயப்பட்டு எதையும் சீர்செய்யும் கட்டளை கொடுக்காதீர்கள். அணைத்து, கேடியை வெளியே எடுத்து, மறுபடி அழுத்திப் பொருத்தி, பயாஸில் பெயர் தெரிந்தபின் தொடங்குங்கள். டிரைவ் திரும்பினால் எல்விஎம் தானாகவே இணைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் வேண்டும் என்றால்

விண்டோஸில் ஸ்டோரேஜ் ஸ்பேஸஸ், டைனமிக் டிஸ்க் இரண்டும் டிரைவுகளைச் சேர்க்கும். ஆனால் ஸ்டோரேஜ் ஸ்பேஸஸிலிருந்தோ, இரண்டு டிரைவில் பரவிய டைனமிக் வால்யூமிலிருந்தோ விண்டோஸ் தொடங்காது. டைனமிக் டிஸ்க்கை மைக்ரோசாஃப்ட் கைவிட்டுக்கொண்டும் வருகிறது. இங்கே நல்ல வழி, இணைக்காமலே இணைத்தாற்போல் வைத்துக்கொள்வது. முதல் எஸ்எஸ்டியில் விண்டோஸ். அதில் காலியான ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இரண்டாவது எஸ்எஸ்டியின் வால்யூம் மேல் வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் வரியில் சேர்க்கும் பட்டனை அழுத்தி, எழுத்துக்குப் பதில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். இரண்டாவது டிரைவ் முழுவதும் அந்த ஃபோல்டருக்குள் இருப்பதுபோல் தெரியும். ஒன்று போனால் மற்றொன்று தப்பும் என்பது இதன் கூடுதல் நன்மை.

ஒரு டிரைவை மாற்றும் நாள் வந்தால்

இரண்டாவது எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் எண்கள் மோசமாகத் தொடங்கிவிட்டன என்று வையுங்கள். முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலைப் புதுப்பியுங்கள். பழையதில் பயன்பாட்டில் இருக்கும் இடத்துக்குக் குறையாத அளவில் புதிய எஸ்எஸ்டி ஒன்றை யுஎஸ்பி சாட்டா அடாப்டரில் மாட்டுங்கள். சார்ஜர் இணைந்திருக்கட்டும், தூக்கம் அணைந்திருக்கட்டும்.

பிவிகிரியேட் (pvcreate) கட்டளையால் புதிய டிரைவின் பகுதியை எல்விஎம்முக்குத் தயார் செய்து, விஜிஎக்ஸ்டெண்ட் (vgextend) கட்டளையால் அதைக் குரூப்பில் சேருங்கள். பிறகு தரவை நகர்த்தும் பிவிமூவ் (pvmove) கட்டளை: முதலில் பழைய பகுதியின் பெயர், அடுத்து புதியதன் பெயர். 480 ஜிபி நகர யுஎஸ்பி 3-இல் ஓரிரு மணி நேரமும், யுஎஸ்பி 2-இல் நாலைந்து மணி நேரமும் ஆகலாம். அதுவரை லேப்டாப்பில் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். நடுவில் மின்சாரம் போனால், கணினி எழுந்ததும் பெயர் எதுவும் கொடுக்காமல் பிவிமூவ் மட்டும் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் விஜிரெட்யூஸ் (vgreduce) கட்டளையால் பழைய பகுதியைக் குரூப்பிலிருந்து நீக்கி, கணினியை அணைத்து, கேடியில் புதியதை மாட்டுங்கள். எல்விஎம் ஒவ்வொரு டிரைவையும் அதன் உள் அடையாள எண்ணால் அறிவதால், யுஎஸ்பியிலிருந்து கேடிக்கு இடம் மாறியது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

மாற்ற வேண்டியது முதன்மை டிரைவானால் ஒரு வேலை கூடுதல்: இஎஃப்ஐ, பூட் ஆகிய இரண்டு பகுதிகளும் எல்விஎம்முக்கு வெளியே இருப்பதால் பிவிமூவ் அவற்றைத் தொடாது. புதிய டிரைவில் அதே அளவில் இரண்டு பகுதிகளை முதலில் உருவாக்கி, உள்ளடக்கத்தை நகலெடுத்து, எஃப்ஸ்டேப் (fstab) கோப்பில், அதாவது தொடங்கும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியலில், அவற்றின் அடையாள எண்களைப் புதியவற்றுக்கு மாற்றி, டிரைவை மாட்டியபின் ரெஸ்கியூ மோடிலிருந்து கிரப்பை மறுபடி நிறுவுங்கள்.